தன் ரத்தத்தை அளவாக வைத்தவர்

காலை ஏழு பத்துக்கு அவர் பரிசோதனைக்கூடத்தின் கதவைத் திறப்பார். விளக்கைப் போட்டு, ரத்தம் எண்ணும் மெஷினைப் போட்டு, அது உறுமி அடங்குவதற்குள் இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொள்வார். ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையை இழுத்துக் கட்டி, தன் நரம்பில் தானே ஊசி ஏற்றி இரண்டு மில்லி ரத்தம் எடுப்பார். ஒரு நாளும் ஒரு சொட்டு சிந்தியதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மெஷினுக்குள் போகும் முதல் ரத்தம் அதுதான். வெள்ளை அணுக்கள் ஏழாயிரம் என்று திரையில் வந்தால் மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். ஐம்பது நூறு கூடலாம், குறையலாம். அதற்கு மேல் விலகினால் மெஷினில்தான் கோளாறு.

இப்படிப் பத்தொன்பது வருஷம்.

வார்டு நர்சுகள் அவருக்குத் ‘துல்லியம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். “துல்லியம் வந்தாச்சா?” “துல்லியம் சாப்பிடப் போயிருக்கு.” கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் கிண்டல் செய்தவர்களுக்கே அது கிண்டல் என்பது மறந்துபோனது.

மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அளவு முன்கூட்டியே தெரிந்த ரத்தத்தைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். அதை மெஷினுக்குக் கொடுத்து, குப்பியின் மேல் அச்சிட்ட எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று மாதம் அந்தக் குப்பிகள் வந்து சேரவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது இவர் கையை நீட்டினார். “எனக்கு ஒரு நோய்நொடி கிடையாது. என் கவுண்ட் என்னன்னு நமக்குத் தெரியும். என்னை வச்சுப் பாத்துக்குவோம்.” அந்த வருஷக் கூட்டத்தில் அப்போதிருந்த கண்காணிப்பாளர் இவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு குப்பிகள் வந்தன, இவர் பிரிக்கவில்லை. கேட்டால், “நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அது எதுக்கு?” என்பார். சில வருஷத்தில் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், எல்லா மனிதரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். தன்னை அசையாத ஒன்றாக நிறுத்திவைத்துக்கொண்டு, அங்கிருந்து உலகத்தை அளப்பது. மற்றவர்கள் மனசுக்குள் செய்வதை இவர் ஊசி வைத்துச் செய்தார்.

அவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கூடத்தின் மூலையில், கண்ணாடித் தடுப்பு போட்ட பத்தடிக்கு எட்டடி அறை. தலைமை டெக்னீஷியனின் அறை. இருபத்தாறு வருஷத்தில் அதற்குள் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். முதலாமவர் சிபாரிசில் வந்தார். இரண்டாமவர் இடமாற்றத்தில் வந்தார். மூன்றாமவர், இவரைவிட நாலு நாள் முன்னால் வேலையில் சேர்ந்தவர் என்ற ஒரே தகுதியில் வந்தார். அந்த நாலு நாளை இவர் பன்னிரண்டு வருஷமாக மென்றுகொண்டிருந்தார். லீவு எடுக்கமாட்டார். அப்பா இறந்த செய்தி வந்த காலையில்கூட முப்பத்திரண்டு பேருடைய ரத்தத்தை எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். இதைப் பெருமையாகச் சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டலில் பாராட்டு எவ்வளவு, வேறு ஏதோ எவ்வளவு என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்றாமவர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்கு முன்னால், இருபத்தேழாம் தேதி, பரிசோதனைக்கூடத்துக்குத் தரச் சான்றிதழ் கொடுக்க ஒரு குழு வருகிறது. “சான்றிதழை வாங்கிக் குடுத்துட்டு நேரா அந்த ரூமுக்குள்ள போய் உட்காருங்க” என்று இப்போதைய கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். வீட்டில் அந்த அறையின் ஜன்னல் திரைக்குத் துணி பார்த்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியின் லிஃப்டை ஓட்டுபவர் அவருக்கு இருபது வருஷ சிநேகிதர், ஏறும்போதெல்லாம் கதவை அகலத் திறந்து, “ஐயா எழுந்தருளணும்! ரூம் வந்ததும் எங்களை எல்லாம் ஞாபகம் இருக்குமா, இல்லை டோக்கன் போட்டுத்தான் பாக்கணுமாண்ணே?” என்பார். “உனக்கு மட்டும் பின்வாசல் உண்டுடா” என்பார் இவர். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, ஏழாயிரத்துக்குப் பதில் ஏழாயிரத்து ஐந்நூறு வந்தது. மறுபடி போட்டார். அதே எண். மறுநாளும் அதே. மெஷினுக்குள் ஒரு திருத்த எண் உண்டு. ரகசியச் சொல் தெரிந்தவர்தான் மாற்ற முடியும். இவர் மாற்றினார். ஏழாயிரம் வந்தது. அடுத்த மாதம் மறுபடி கூடியது, மறுபடி இறக்கினார். “மெஷினுக்கு வயசாகுது. ஒண்ணை ஒண்ணேகாலா எண்ணுது” என்று தலைமை டெக்னீஷியனிடம் சொன்னார். ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த அவர், “நீங்க பாத்துக்குங்க” என்றார். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதினார். அத்தனையும் ஒரே திசையில், கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்ததை அவரே தன் அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருந்தார்.

அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் எட்டு கிலோ இளைத்தார். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. விடிகாலையில் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். வேலை அதிகம், சான்றிதழ் நெருக்கடி என்று நினைத்தார். “என்ன சார், ஆளே சிக்குன்னு ஆயிட்டீங்க?” என்று நர்சுகள் கேட்டபோது வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தார்.

நடுவில் மூன்றாவது வார்டு டாக்டர் போனில் கேட்டார். “துல்லியம் சார், ஊர்ல எல்லாருக்குமே வெள்ளை அணு குறைஞ்சுபோச்சா? யாரைப் பாத்தாலும் மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறுன்னு எழுதி அனுப்புறீங்க.”

“வைரஸ் சுத்திக்கிட்டிருக்கு டாக்டர்.”

“ஆறு மாசமாவா?”

“இது புது மாதிரி வைரஸ்” என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்துவிட்டு, பக்கத்து மேசையைப் பார்த்து, “இவங்களுக்கு வியாதியைக் கண்டுபிடிக்கத் தெரியலைன்னா நம்ம தலையில கட்டுவாங்க” என்றார்.

பக்கத்து மேசையில் இருந்தவளை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவார். சொந்தம் ஒன்றும் இல்லை. பதினாறு வருஷமாக அடுத்தடுத்த நாற்காலி. மதியம் டப்பாவைத் திறந்து ஆளுக்குப் பாதி மாற்றிக்கொண்டு சாப்பிடுகிற பழக்கம். நாற்பத்தைந்து வயது, குறைவான பேச்சு. அவருக்கு அடுத்த சீனியாரிட்டி அவளுக்குத்தான்.

சான்றிதழ்க் குழுவுக்குச் சொந்த ரத்தக் கதையெல்லாம் செல்லாது. கடையில் வாங்கிய குப்பி வேண்டும். ஆகவே பல வருஷத்துக்குப் பிறகு ஒரு பெட்டி வந்து இறங்கியது. இருபத்து மூன்றாம் தேதி மதியம் தங்கச்சி ஒரு குப்பியைத் திறந்து மெஷினுக்குக் கொடுத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

“அண்ணா, குப்பியில ஏழாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்கு. மெஷின் மூவாயிரத்து எழுநூறு காட்டுது.”

“வர்ற வழியில வெயில்ல கிடந்திருக்கும். கெட்டுப்போன சரக்கு.”

“மூணு குப்பி போட்டுட்டேன்.”

“மூணும் ஒரே வண்டியிலதானே வந்துச்சு?”

“கெட்டுப்போன குப்பி மூணும் ஒரே மாதிரி பொய் சொல்லுமா அண்ணா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தங்கச்சி, நேராவே கேக்கிறேன். அந்த ரூம் மேல உனக்கு எப்பலேர்ந்து கண்ணு?”

அவள் குப்பியின் மூடியைத் திருகி மூடினாள். “அந்த ரூம்ல காத்தே வராது. எனக்கு மூச்சு முட்டும்” என்றாள். அன்றைக்கு டப்பாவைத் திறக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு நோய்க்குறியியல் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. “ஒரு ஸ்லைடு பாருங்களேன். உங்க கண்ணு வேணும்” என்றார். இவருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. டாக்டருக்கே சந்தேகம் வந்தால் துல்லியத்தைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

குனிந்து பார்த்தார். “ஐயோ” என்றார்.

“சொல்லுங்க.”

“கூட்டம் கூட்டமா நிக்குதே டாக்டர். முழுசா வளராததெல்லாம்கூட வெளிய வந்துடுச்சு. இது இன்னைக்கு நேத்து வந்ததில்லை, ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். ரத்தப் புற்று. சந்தேகமே இல்லை.” தலையைத் தூக்காமலே ஸ்லைடை நகர்த்தினார். “பாவம். யாரு பேஷன்ட்? இத்தனை நாளா எந்த மடையன் பாக்காம விட்டான்?”

டாக்டரம்மா தன் கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்தார்.

“எந்த வார்டு டாக்டர்?”

“வார்டு இல்லைங்க. நேத்து காலையில ஏழு பத்துக்கு எடுத்த ரத்தம். கவுண்டையும் நான் கையாலயே எண்ணிட்டேன். பதினாலாயிரத்தைத் தாண்டுது.”

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அறையில் அந்த நோயாளி இருப்பார். அவருக்கு அந்த நிமிஷம் முதலில் தோன்றியது சாவு அல்ல, இருபத்தேழாம் தேதி. பிறகு ஒன்று தோன்றியது: பத்தொன்பது வருஷம் தினமும் காலையில் சொன்ன பேச்சைக் கேட்டு வந்து நின்ற ரத்தம், கூடவே இருந்து குழி பறித்திருக்கிறது. அவர் அதை நம்பி மெஷினைச் சந்தேகப்பட்டார், குப்பியைச் சந்தேகப்பட்டார், டாக்டரைச் சந்தேகப்பட்டார்.

“மருந்து இருக்கு” என்றார் டாக்டரம்மா. “ஆரம்பிச்சுடலாம். ஆனா உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது, நீங்களே பாத்துட்டீங்க. பதினாலு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன். இப்ப ரெண்டு வருஷம்னு வச்சுக்குங்க. அதுக்கு மேல கிடைச்சா கிடைச்சதுதான்.”

நேராகத் தங்கச்சியின் மேசைக்கு வந்து நின்றார்.

“என் ரத்தத்தை என்னைக் கேக்காம எடுத்துப் பாத்திருக்கே.”

“டிரேயில இருந்துச்சு. தினமும் நீங்கதான் வைக்கிறீங்க.”

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. ரூம் மேல கண்ணுன்னீங்க.”

“பதினாறு வருஷம் ஒரே டப்பாவுல சாப்பிட்டிருக்கோம். கழுத்தை அறுத்துட்டியே.”

அவள் எழுந்து நின்றாள். “கழுத்தை அறுத்தது நான் இல்லைங்கண்ணா. ஸ்லைடைப் பாத்ததும் அங்கேயே உக்காந்து அழுதேன். அழுது முடிச்சுட்டுத்தான் டாக்டரம்மாகிட்ட போனேன்.”

“அழுததைச் சொல்லிக் காட்டுறியா?”

அவள் டிரேயை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளவும் வாய் வரவில்லை. மெஷினிடம் போய், ரகசியச் சொல்லைப் போட்டு, குப்பியின் எண்ணுக்குத் திருத்தினார். அரை மணி நேர வேலை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் சரியாக இருந்த ஒரு மெஷினைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட அவ்வளவு நேரம்தான் ஆனது.

மாலையில் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். நாலாவது மாடி. “கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. உட்காருங்க. மெஷினைச் சரி பண்ணியாச்சா?”

“பண்ணிட்டேன் சார்.”

“அப்ப விஷயம் முடிஞ்சுது.”

“பழைய ரிப்போர்ட்டுங்க இருக்கு சார். பதினாலு மாசம். காய்ச்சல், உள்ளுக்குள்ள சீழ்னு வந்தவங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு…”

“யாராவது வந்து கேட்டாங்களா? கேக்கலை இல்லையா? பிழைச்சவன் பிழைச்சான். இப்பப் போய்க் கிளறினா சான்றிதழும் போகும், ஆஸ்பத்திரி பேரும் போகும், உங்க பேரும் போகும்.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணாம் தேதி அந்த ரூம் உங்களுது. உங்க நிலைமைக்கு என்னால செய்ய முடிஞ்சது. இருக்கிற வரைக்கும் கௌரவமா இருங்க.”

இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். வாசல் கதவு பின்னால் சாத்திக்கொள்வதற்குள், கண்காணிப்பாளர் தன் குமாஸ்தாவிடம் சொல்வது காதில் விழுந்தது: “இவருக்கு அடுத்து சீனியாரிட்டியில யாருன்னு பாத்து வைங்க. திடீர்னு தேவைப்படும்.”

இருபத்தாறு வருஷம் கேட்ட பொருளை அவர் கையில் கொடுத்தவர்களே, அது அவர் கையில் எத்தனை நாள் இருக்கும் என்றும் கணக்குப் போட்டாகிவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டும்: அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகும் அவருக்கு அந்த அறை வேண்டியிருந்தது. முன்னைவிட அதிகமாக. இரண்டு வருஷம்தான் என்றால் அந்த இரண்டு வருஷத்தையும் அதற்குள் உட்கார்ந்து கழிக்க வேண்டும் என்று தோன்றியது. சாவு தெரிந்ததும் மனிதனுக்கு ஆசை விட்டுப்போகும் என்று எழுதியவர்கள் பெரும்பாலும் நல்ல உடம்போடு எழுதியவர்கள்.

வீட்டில் மனைவி துணியை மடியில் விரித்து வைத்திருந்தாள். “ஏங்க, ஜன்னல் ரெண்டா, மூணா? மூணு மீட்டர் போதுமா?”

“போதும்.”

“ஏன் இப்படி வேர்த்திருக்கு?”

“வெயில்ல நடந்து வந்தேன்.”

“இளைச்சது உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு. எங்க அண்ணன்கூடச் சொன்னார், மாப்பிள்ளைக்குப் பதவி வர்றதுக்கு முன்னாடியே முகத்துல களை வந்துடுச்சுன்னு.” ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்: “ரூம் நிச்சயம்தானே?”

“நிச்சயம்” என்றார். அன்று அவளிடம் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

மறுநாள் காலை சட்டையைச் சுருட்டி, பட்டையைக் கடித்து இழுத்துக் கட்டிய பிறகுதான், இனி அது தேவையில்லை என்பது நினைவுக்கு வந்தது. குப்பி தயாராக மேசையில் இருந்தது. பட்டையை அவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, எதற்கென்று முடிவு செய்யாமலே, பதிவேட்டையும் தன் நோட்டையும் எடுத்துவைத்து, ஒவ்வொரு மாதத்தின் திருத்தத்தையும் நீக்கிப் பழைய எண்களைத் திரும்பக் கணக்கிட ஆரம்பித்தார். சும்மா பார்ப்போம் என்றுதான்.

மதியத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். வெள்ளை அணு கூடியிருந்தும் ‘சரியான அளவு’ என்று இவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்கள். ஒரு பஸ் டிரைவர். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. பிரசவமாகி எட்டாம் நாள் காய்ச்சலோடு வந்த ஒரு பெண். பதிவேட்டில் அவளுக்கு அப்புறம் வேறு பக்கம் இல்லை. பிழைத்ததால் வரவில்லையா, இல்லாததால் வரவில்லையா என்று பதிவேடு சொல்லாது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தில் லிஃப்ட் ஓட்டும் சிநேகிதர். வயிற்று வலி. ஒன்பதாயிரத்து எண்ணூறு என்று எழுதியிருந்தது. உண்மை பதினைந்தாயிரம்.

அன்றைக்கு அந்த ரிப்போர்ட்டை நம்பி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் குடல்வால் உள்ளேயே வெடித்து, ஐந்து வாரம் கிடந்து பிழைத்தார்.

அவர் பட்டியலை மடித்தார். ஒரு கடிதம் எழுதி, அதன் மேல் வைத்து, இரண்டையும் உறையில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு வந்தார்.

“எங்கே, நாலா? சாவி வாங்கப் போறியாண்ணே?”

“கொஞ்சம் நடுவுல நிறுத்து.”

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நிறுத்திவிட்டு ஊர்வம்பு பேசுவது அவர்களுக்குப் பழக்கம்தான். சிநேகிதர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். “சொல்லு, யாரு யாரோட ஓடிப்போனா?”

“உனக்கு வயித்து வலி வந்தப்ப, ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்தேனே.”

“ஆமா. ரெண்டே நாள்ல வெடிச்சுது. என் நேரம், யாரை நோகறது?”

“உன் நேரம் இல்லைடா. என் மெஷின்.” சொன்னார். தன் ரத்தம், தன் வியாதி, திருத்த எண், பதினைந்தாயிரம். சுருக்கமாகத்தான் சொன்னார், அந்தப் பெட்டிக்குள் அது நீளமாக இருந்தது.

சிநேகிதரின் கை தன்னால் வயிற்றுப் பக்கம் போயிற்று. “அஞ்சு வாரம்ணே. என் பொண்டாட்டி கீழ வராந்தாவுல துண்டை விரிச்சு அஞ்சு வாரம் படுத்திருந்தா. நீ தினம் வந்தே. பழம் எல்லாம் வாங்கிட்டு வந்தே.”

“அப்ப எனக்குத் தெரியாது.”

“தெரியாது. சரி. தெரியாது.” பொத்தான் பக்கம் போன விரலை இறக்கினார். “நீ செத்துப்போவியா?”

“ரெண்டு வருஷம்கிறாங்க.”

“நல்லாப் பண்ணினே அண்ணே. உன்மேல கோபப்படறதுக்குக்கூட எனக்கு வழி இல்லாம பண்ணிட்டியே.”

பொத்தானை அழுத்தினார். கதவு திறந்ததும், முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்கிற குரலில், “நாலாவது மாடி” என்றார்.

கண்காணிப்பாளர் கடிதத்தைப் படித்தார். பட்டியலைப் புரட்டினார். “யாரு கேட்டா உங்களை இதெல்லாம்? நேத்து அவ்வளவு தூரம் சொன்னேன். ரூம் போயிடும், புரியுதா? விசாரணை வரும். இத்தனை வருஷ சர்வீஸ்ல மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்க.” கடிதத்தை அவர் பக்கமே தள்ளினார். “எடுத்துட்டுப் போங்க. நான் பாக்கலை.”

உறை மேசையில் இருந்தது. அவர் கை கொஞ்சம் நகர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“வேற யாருக்குத் தெரியும்?” என்றார் கண்காணிப்பாளர்.

“லிஃப்ட்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தேன் சார்.”

கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். “ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுட்டு வந்து, என்கிட்ட கடுதாசி குடுக்கிறீங்க.”

வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா என்று பின்னால் சிலர் கேட்டார்கள். அவருக்கே தெளிவில்லை. உறையைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய ஆள்தான் தாம் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடிதம் போய்ச் சேர்ந்து, பழைய ரிப்போர்ட்டும் கையுமாக வராந்தா நிறைந்துவிட்டது. சான்றிதழ்க் குழு வருவதாக இருந்தது தள்ளிப்போனது. தங்கச்சிக்குப் பொறுப்பு கொடுத்திருந்தார்கள்; அவள் தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். இவரை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றிருந்தார்கள். ஆகவே நோயாளியாக வந்திருந்தார். டோக்கன் நாற்பத்து மூன்று.

மனைவி கூட வந்திருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விஷயம் நாலு நாளைக்கு முன்னால் லிஃப்ட்காரரின் மனைவி மூலம் தெரிந்தது. “யார் வீட்டுப் பொம்பளையோ வந்து எனக்குச் சொல்லணுமா? நான் திரைச்சீலை தச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?” என்று அன்று கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. வேளைக்கு மாத்திரையும் தண்ணீரும் மேசைக்கு வரும். பேச்சு வராது.

பக்கத்து நாற்காலியில் ஒரு மனிதர் தன் ரிப்போர்ட்டால் விசிறிக்கொண்டிருந்தார். “கேட்டீங்களா கதையை? எவனோ ஒருத்தன் தன் ரத்தத்தை வச்சு ஊரையே அளந்தானாம். அவனுக்கே வியாதியாம். நல்லா இருப்பானா அவன்?”

“இருக்க மாட்டான்” என்றார் இவர்.

“உங்களுக்கு என்ன எழுதிக் குடுத்தான்?”

“ஒண்ணும் இல்லைன்னு எழுதினான்.”

“நம்பிட்டீங்களா?”

“நம்பினேன். தினமும்.”

அந்த மனிதர் ‘ச்சு’ கொட்டினார். இவருடைய முழங்காலில் ஆதரவாகத் தட்டினார். “நம்மளை மாதிரி ஆளுங்கதான் ஏமாறுவோம் சார். படிச்சவன் எழுதிக் குடுத்தா மறுபேச்சு பேசுவோமா? நம்ம எல்லாரையும் நல்லா ஏமாத்திட்டான்.”

“ஆமா” என்றார். இத்தனை நாளாக யார்மேலெல்லாமோ இருந்த கோபம், இப்போது யார்மேல் என்று தெரியாமல் நின்றது.

உள்ளேயிருந்து தங்கச்சி கதவோரம் வந்து, “நாற்பத்து மூணு” என்றாள். அண்ணா என்று கூப்பிடவில்லை. வராந்தாவில் இருப்பவர்கள் இவர் யாரென்று கண்டுகொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிக் கூப்பிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தும், அதை நல்லதாக எடுத்துக்கொள்ள அன்று மனசு வரவில்லை.

“போங்க சார், உங்க நம்பர். இப்பவாவது சரியா எண்ணுவாங்க” என்றார் பக்கத்து மனிதர்.

“சரியா எண்ணி?” என்றாள் மனைவி.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நாலு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அந்த மனிதர் விசிறுவதை நிறுத்திவிட்டு, இவளுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று மாறி மாறிப் பார்த்தார். இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தபடி நின்றார். தங்கச்சி இரண்டாம் முறையும் அந்த எண்ணைச் சொன்னாள்.